அச்சேறிய திருஷ்டிப் பொட்டு

என் மகள் காலையில் ஓடுவாள். சாயங்காலம் சுவரைப் பிடித்தும் நிற்க முடியாது. பாதங்கள் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், முழங்கால் விறைத்துப்போகும். பள்ளிக்கூடம் விட்டதும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் என் மனைவி சிகந்திராபாத் மெட்டுகுடாவில் இருக்கும் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வருவாள். தூங்கி எழுந்தால் பிள்ளை மறுபடியும் துள்ளும்.

ஆஸ்பத்திரிகளில் சீட்டுக் கொடுப்பது காலையில் மட்டும். அந்த நேரத்தில் அவள் டாக்டர் முன்னால் குதித்துக் காட்டுவாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நான் ரயில்வே பணிமனையில் பாரம் தூக்கும் கலாசி. ஐந்தாவது வரை படித்தவன். டாக்டர் மேஜைக்கு முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. பேசுவதெல்லாம் என் மனைவிதான்.

கடைசியில், குழந்தைகளின் நரம்பு வியாதிகளைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்ததால் தமிழ் பேசுவார். என் மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஏம்மா, சாயங்காலம்தான் கால் வரலைன்னா காலைல எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?"

"காலைலதான சார் சீட்டு குடுக்கறீங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நியாயம்தான். சாயங்காலம் சீட்டு இல்லாம வாங்க."

போனோம். அவர் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்க முடியாமல் அவள் சாய்ந்திருந்ததை ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு, வயதானவர்களுக்குக் கை நடுங்கினால் கொடுக்கிற மாத்திரை என்று சொல்லி, அதை நாலில் ஒரு பங்காக உடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

பணிமனையில் ஒரு முழு எஞ்சினைக் கிரேன் அப்படியே தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு வாய் பிளந்ததில்லை. நகத்துணுக்கு அளவு மாத்திரைதான் அது. அந்த வாரமே என் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து நடந்து வந்தாள். பின்னால் வந்த என் மனைவிக்கு, தூக்குவதற்கு ஒன்றுமில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

அடுத்த முறை போனபோது, இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர்.

"சினிமா வருமே, அந்த மாதிரி பத்திரிகையா சார்?" என்றாள் என் மனைவி.

"டாக்டருங்க படிக்கிறதும்மா. பேர் போட மாட்டோம். எங்கியோ ஒரு டாக்டர் இதே மாதிரி ஒரு பிள்ளைய நடிக்குதுன்னு விரட்டிட்டிருப்பார். இதைப் படிச்சா விரட்ட மாட்டார். இப்ப சாயங்காலம் நல்லா நிக்கறத ஒரு படம் எடுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும்தான் என் மனைவி வெடித்தாள்.

"புள்ள நடக்கறதே இப்பதான். அத நாலு பேர் கண்ணுக்குக் காட்டினா நெலைக்குமா? மறுபடி கால் போச்சுன்னா அந்தப் பத்திரிகைய வெச்சிகினு இன்னா பண்ணட்டும்?"

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது மெதுவாகச் சொன்னேன்: "இவ மாதிரி ஒண்ணு எங்கியோ இன்னமும் செவுத்தப் புடிச்சிகினு நிக்குமே."

படம் எடுக்கும் நாளன்று அவள் முந்தானையில் மை டப்பாவை முடிந்துகொண்டு வந்தாள். மகளின் இடது கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பொட்டு வைத்த பிறகுதான் படம் பிடிப்பவர் பக்கம் அனுப்பினாள். அவர் துடைக்க வந்தபோது, "அதத் தொட்டீங்கன்னா படமே கெடையாது" என்றாள்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பத்திரிகைக்காரர்கள் கடல் தாண்டிய ஊரிலிருந்து கேள்வி கேட்டிருந்தார்கள். முதல் படத்தில் இல்லாத கருப்புத் தழும்பு இரண்டாவது படத்தில் கன்னத்தில் இருக்கிறதே, அது என்ன? சில நரம்பு வியாதிகள் தோலிலும் தெரியுமாம். அல்லது மாத்திரையால் வந்ததா?

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர்கூடத் தெரியாத யாரோ, என் மகளின் கன்னத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பெற்றவள் பார்ப்பதுபோல. அப்படி ஒரு உலகம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பொட்டு இல்லாம இன்னொரு படம் எடுத்துடலாமா?" என்று கேட்டார் டாக்டர்.

என் மனைவியின் முகம் இறுகியது. மகள் குறுக்கே புகுந்தாள். "ஏமீ காதும்மா, துடைச்சுடு." ஒன்றும் ஆகாதென்று அவளுக்குத் தெலுங்கில்தான் சொல்ல வரும்.

"நீ சும்மா இரு. சார், நீங்க குடுத்த காலு இது. நீங்க சொன்னா தொடைக்கிறேன். ஆனா அப்பறம் ராத்திரி பகல் எனக்குத் தூக்கம் இருக்காது."

டாக்டர் மேஜைமேலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம்மா. உள்ளத உள்ளபடி எழுதிடறேன். அம்மா வெச்ச மைன்னு. அவங்க ஒத்துக்கிட்டா போடட்டும்."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என் மனைவி வாசலில் நின்று மகளின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்ப்பாள். செருப்பு வார் அறுந்து மகள் ஒருநாள் சாய்ந்து நடந்து வந்தபோது, என் மனைவி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒருநாள் டாக்டர் எங்களை வரச்சொல்லி, அச்சான தாள்களைக் கையில் கொடுத்தார். வழவழவென்றிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். ஒரு வரியில் விரலை வைத்து, "இதான் உங்க மை" என்றார். அந்த வரியை நானும் தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு அலமாரியிலிருக்கும் மை, படித்தவர்களின் எழுத்தில் ஒரு வரி முழுக்க நீண்டிருந்தது.

என் மனைவி படங்களைத்தான் பார்த்தாள். இரண்டிலும் மகளின் கண்களை மறைத்துக் கருப்பாக ஒரு பட்டை.

"பார்த்தீங்களா," என்றாள் என்னிடம். "நம்ம பொட்டு பத்தாதுன்னு அவங்க பட்டையாவே போட்டுட்டாங்க."

"அது திருஷ்டிக்கு இல்லம்மா. யாரும் பிள்ளைய அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு."

"அதான் சார் நானும் சொல்றேன். கண்ணு படக்கூடாதுன்னா வேற இன்னா?"

டாக்டர் வேறொன்று சொன்னார். இதைப் படித்துவிட்டு வேறு ஊரிலிருந்து ஒரு டாக்டர் எழுதியிருந்தாராம். முன்பு திருப்பி அனுப்பிய ஒரு பையனைச் சாயங்காலம் வரச்சொல்லிப் பார்த்தாராம். மாத்திரை தொடங்கியாயிற்றாம்.

"நடக்கறானா சார்?" என்று கேட்டேன். அவரிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நடக்கறான்."

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சிகந்திராபாத் போகும் மாடி பஸ் வந்து நின்றது. என் மனைவி தாள்களை என்னிடம் திணித்துவிட்டு, பழக்கத்தில், தூக்குவதற்காகக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அங்கே பிள்ளை இல்லை. மேலே, பஸ்ஸின் மாடிப்படியில் அவள் தடதடவென்று ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.