முருகன் தட்டும் நான்காம் விதியும்

ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். முற்றம் கூட்டினேன், தேநீர் ஊற்றினேன், ஆறேகாலுக்கு வட்ஸ்அப் குழுவில் அன்றைய தலைப்பைப் போட்டேன்: ‘ரயில்’.

குழுவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாக... பழைய இசைத்தட்டுகள் வைத்திருக்கும் பன்னிரண்டு பேர். தினமும் ஒரு தலைப்பு. பொருத்தமான தட்டை அன்று காலையே போட்டுக் கேட்டு, அட்டையைப் படம் எடுத்து, ஏன் இதைத் தெரிவு செய்தோம் என்று எழுத வேண்டும். விதிகள் நான்கு. நான்காவது: ஒரு தட்டு, மாதத்தில் ஒரு தரம்தான்.

இது ஒரு பெரிய கஷ்டமா? என்னிடம் நூற்று எண்பத்து மூன்று தட்டுகள். எல்லாவற்றுக்கும் எண் ஒட்டியிருக்கிறேன். அன்று 61ஆம் இலக்கத்தைப் போட்டேன் — தண்டவாளச் சத்தத்தோடு தொடங்கும் ஒரு டூயட்.

ஏழு மணிக்குக் குணம் அண்ணையின் படம் வந்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவர். படத்தில் மயிலோடு முருகன். பக்திப் பாடல்கள். இதில் ரயில் எங்கே?

“இந்த ரெக்கோட்டைக் கொழும்பிலை வாங்கி, ரயிலிலை மடியிலை வைச்சுத்தான் கொண்டு வந்தனான். அநுராதபுரம் வரைக்கும் பக்கத்திலை ஒருத்தரையும் இருக்க விடேல்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 6ஆம் திகதி தலைப்பு ‘மழை’. அன்றும் இதே முருகன்: “அட்டையிலை மயிலுக்குப் பின்னாலை மேகம் கறுத்துக் கிடக்கு, பாருங்கோ.” 10ஆம் திகதி ‘கோபம்’. மறுபடியும் முருகன்: “இதை ஒருத்தன் இரவல் வாங்கிக்கொண்டு போய் மூண்டு வருசம் தரேல்லை. இப்ப பாத்தாலும் கோவம் வருது.”

விதி எதற்கு எழுதினோம்? சுவரில் ஒட்டவா?

திகதி, தலைப்பு, தட்டு — மூன்று நிரல்களில் அட்டவணை போட்டேன். மேலே ‘குணம் அண்ணையின் விதிமீறல்கள்’ என்று தலைப்பிட்டுக் குழுவில் அனுப்பினேன். நாலைந்து பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். 8.05க்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. குணம் அண்ணை குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

என் கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“நீர் பாட்டுக் கேக்கிறீரோ, பள்ளிக்கூட இடாப்புக் கூப்பிடுறீரோ?”

பதில் சொல்ல முதல் போன் அடித்தது. பண்டத்தரிப்பிலிருந்து வசந்தி ரீச்சர். அவரும் குழுவில் இருப்பவர்.

“என்னப்பா செய்தனீங்கள்? அந்த மனுசன்ரை விளக்கத்தை வாசிச்சுச் சிரிச்சிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடுறனான்.”

“ரீச்சர், அவர் விதியை மீறினவர்.”

“உங்கடை விதியை ஆர் வாசிச்சது?”

நான்கு மணி வரை பார்த்தேன். பன்னிரண்டு பேர் குழுவில் அன்று வந்த தட்டுகள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது, போனவருடையது.

ஸ்கூட்டியை எடுத்தேன். மருதனார்மடத்திலிருந்து உரும்பிராய் தாண்டி நீர்வேலி. வழி முழுக்க நான் சொல்லப்போகும் நியாயத்தை ஒத்திகை பார்த்தேன். அண்ணை வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார். மழைக்காற்று தொடங்கினால் குலையோடு சாய்ந்துவிடும்.

“வாங்கோ இன்ஸ்பெக்டர் அம்மா.”

“அண்ணை, ஏன் வெளிக்கிட்டனீங்கள்?”

“என்னட்டைக் கிடக்கிறது பதினொரு ரெக்கோட். மாசத்துக்கு முப்பது நாள். மிச்ச நாளைக்கு நான் என்ன, வாழைக்குலையைப் படம் எடுத்துப் போடுறதோ?”

“மற்ற ஆக்கள் போடுறதைப் பாக்கலாம்தானே?”

“உங்களுக்கென்ன, தலைப்பைப் பாத்திட்டுப் போய் அலுமாரியைத் திறப்பியள். நான் வாழைக்குத் தண்ணி கட்டேக்கையும் அதையேதான் யோசிச்சுக்கொண்டு நிப்பன்.” கையிலிருந்த தடியை ஊன்றினார். “அதை விடுங்கோ தங்கச்சி. என்ரை மருமகனும் உந்தக் குழுவிலைதான். லண்டனிலை சாமத்திலை முழிச்சிருந்து சிரிச்சுக் கிடக்கிறான், பாத்தனீங்களோ?”

பார்த்திருந்தேன். மருமகன் என்று தெரியாது. சரிபார்க்காமல் விட்ட ஒரே விடயம் அதுதான்.

“திரும்பி வாங்கோ அண்ணை.”

“மாம்பழத்துக்குக் கோவிச்சுப் போன முருகனே திரும்பி வரேல்லை. நான் ஏன் வாறன்?”

“நான் மன்னிப்புக் கேக்கிறன்.”

“ஓம், கேளுங்கோ. ஆனா இஞ்சை வாழைக்குள்ளை வேண்டாம். அவன் பாக்கிற இடத்திலை கேளுங்கோ.” பிறகு, குரல் மாறாமலே: “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. ஒத்திகை பார்த்த நியாயத்தைப் போலவே அதையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்வரை எரிச்சல் ஆறவில்லை. விதியை மீறியவர் அவர், மன்னிப்புக் கேட்பவள் நான். இதென்ன நியாயம்? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று அவருடைய முருகனையும் ரயிலையும் பற்றி மூன்று பேரிடம் கதைத்திருந்தேன். என் 61ஆம் இலக்கத்தைப் பற்றி என்னிடம்கூட யாரும் கேட்கவில்லை.

15ஆம் திகதி, புதன். ஐந்து இருபது. முகம் கழுவ முதல் போனை எடுத்தேன். முதலில் அண்ணையைக் குழுவில் சேர்த்தேன் — சேர்க்க முதல் எழுதினால் அவருக்குத் தெரியாது. பிறகு எழுதினேன்: ‘குணம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த அட்டவணையை நான் போட்டிருக்கக் கூடாது. இன்று முதல் நான்காம் விதி இல்லை.’

விதியில் பிழை இருந்ததா? இல்லை. ஆனால் அதை லண்டன் பார்க்கிற இடத்தில் சொல்ல மாட்டேன்.