மேல் பிளக்

பதினொன்று இருபதுக்குப் பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை தட்டில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், புது ஆயிலை ஊற்றவேண்டிய துளையை அடைத்திருக்கும் மேல் பிளக் திறக்காது என்பது அவருக்குத் தெரிந்தது.

வண்டி கொட்டகையில் நான்கு முட்டுகளின் மேல் நின்றது. பின் சக்கரங்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் உதவியாளர்; ஐம்பத்திரண்டு வயது. தெருவில் அவருக்குப் ‘புத்தகம்’ என்று பெயர். கையேட்டைப் புரட்டாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். சோதனைக் குழாய்களை எப்படி வரிசையாக அடுக்குவாரோ அப்படித்தான் ஸ்பேனர்களையும் அடுக்குவார். ஒரு பட்டறைக்காரன் சக்கர நட்டுகளை முடுக்காமல் அனுப்பிய நாளிலிருந்து வண்டியை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. தார் ரோட்டுக்கு இறங்க முக்கால் கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்துவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி மட்டும்தான் அதில் ஏறும், இறங்கும். இரண்டு நாளாக மழை. போன வருஷம் ஆம்புலன்ஸ் பாதி வழியில் புதைந்துபோய், நான்கு பேர் அவர் மனைவியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் போனவன் வழுக்கினான். சேற்றில் விழுந்த இடத்திலேயே அவள் சொன்னாள்: “இன்னொரு தடவை நாற்காலின்னா என்னைக் கூப்பிடாதீங்க. நான் வீட்டுலயே செத்துக்கறேன்.” அதற்கடுத்த மாதம் இந்த வண்டியை வாங்கினார். பழைய வண்டி.

அவளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன முறை ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் பழுது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றோடு ஐந்து நாள். இரண்டு மணிக்கு முறை. இரண்டரை தாண்டினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். விடியற்காலையிலிருந்து அவளால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பாதங்கள் செருப்புக்குள் நுழையவில்லை.

வண்டியின் பின்னாலிருந்து ஒரு வாரமாக முனகல் கேட்டது. பின் சக்கரங்களைத் திருப்புகிற பல்சக்கரப் பெட்டியிலிருந்துதான் வந்தது. கிரவுன் என்பார்கள். அதன் ஆயிலை மாற்றவேண்டும். புது ஆயில் நேற்று மாலைதான் வந்துசேர்ந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த முனகல் சத்தமாகி, சத்தம் உடைசலாகி, நடுப்பாதையில் வண்டி நின்றுவிடுமோ என்று நினைத்து நினைத்து அவர் தூங்கவில்லை. நாற்பது நிமிஷ வேலைதான். பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம்.

கையேட்டில் முதல் வரியே அதுதான்: மேல் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் பிளக்கைத் தொடு. அவருக்கு மனப்பாடம். ஆனால் ஆயில் சூடாக இருந்தால்தான் முழுவதும் வடியும் என்று காலையில் வண்டியைத் தார் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்திருந்தார். அடியில் நுழைந்தபோது பழைய ஆயிலை வடிக்கிற கீழ் பிளக் கண்ணுக்கு நேராக இருந்தது. சூடு ஆறிவிடுமே என்று ஒரு திருப்பு திருப்பினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கழன்றது. ஐந்து நாளில் அவர் கைக்கு அடங்கிய முதல் காரியம். நிறுத்த மனம் வரவில்லை.

மேல் பிளக்கின் குழி முழுக்கத் துரு. அந்தக் குழியில் பொருந்துகிற அறுகோணச் சாவியை வைத்துத் திருப்பினார். குழியின் ஓரங்கள் மழுங்கிச் சாவி வழுக்கியது. இன்னொரு அளவு சாவியை அடித்து இறக்கித் திருப்பினார். அதுவும் சுற்றியது. முழங்கை தரையில் இடித்துத் தோல் உரிந்தது.

“என்னங்க, ரொம்ப நேரமாத் திட்டற சத்தம் கேக்குது. யாரைத் திட்டறீங்க?”

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசல் வரை வந்திருந்தாள். அவருக்கு அவளுடைய வீங்கிய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“நீ ஏன் எழுந்து வந்தே? போய் உக்காரு.”

“உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு. என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு கெட்ட வார்த்தை? வெளிய வாங்க. மூஞ்சியைக் காட்டுங்க.”

அவர் வெளியே வந்தார். அவள் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“டாக்டர்கூட என்கிட்ட இவ்வளவு மோசமான மூஞ்சியைக் காட்டினதில்ல. சொல்லுங்க.”

“ஆயிலை வடிச்சிட்டேன். ஊத்தற வழி திறக்கல.”

“மொதல்ல அதைத் திறந்து பாக்கணும்னு வெல்டருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினது யாரு?”

அவர் சாவியைச் சட்டையில் துடைத்தார். “அந்த வெல்டரையே கூப்பிடுங்க” என்றாள்.

இரண்டு வீடு தள்ளி இருந்த வெல்டர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். டார்ச்சோடு அடியில் நுழைந்தான்.

“புஸ்தகத்துல என்னண்ணே போட்டிருக்கு இதுக்கு?”

“டேய், விளையாடாதே. ஒரு நட்டை வெல்டிங் வெச்சு ஒட்டிக் கழட்ட முடியுமா?”

“ரெண்டு நிமிஷத்துல முடியும். ஆனா இங்க பாருங்க.” டார்ச்சைத் திருப்பினான். ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் டேங்க். “ஒரு பொறி பறந்தா போதும். பிளக்கும் வந்துடும், நாமளும் மேல போயிடுவோம். அக்காதான் பாவம், தனியா நடந்து போகணும்.”

உளியை வைத்து ஓரத்தில் தட்டிப் பார்த்தார்கள். பிளக்கின் விளிம்பு பிய்ந்ததே தவிர அசையவில்லை. வெல்டர் சுத்தியலைக் கீழே போட்டான். “வேணாம்ணே. இன்னும் ரெண்டு அடி விழுந்தா பெட்டியே விரிஞ்சிடும். அப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமா?”

“இருபத்திரண்டு கிலோமீட்டர். அஞ்சுல சூடாகும், பத்துல பல்லு பல்லைக் கடிக்கும். அப்புறம் சக்கரம் இறுகி ரோட்டு நடுவுல நிக்கும். உள்ள அவ இருப்பா.”

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. அவர் எழுந்தார். ஆயில் கையோடு கையேட்டைத் திறந்தார். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே தாள்களைப் புரட்டினார். கிரவுனின் படம் வந்தது. பெட்டியின் உச்சியில் விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய். ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று வெளியே போவதற்கான வழி. நூறு தடவை பார்த்த படம்தான்.

“காத்து வெளிய வர்ற வழியில ஆயில் உள்ள போகாதா?”

வெல்டர் படத்தைப் பார்த்தான். “போகும்ணே. தேன் ஒழுகற மாதிரி போகும்.”

கீழ் பிளக்கை முடுக்கினார். குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் நீளமான டியூப் ஒன்றைச் செருகி, பின் பம்பர் வரை இழுத்துக்கொண்டு வந்தார். பிரேக் ஆயில் உறிஞ்ச வைத்திருந்த ஐம்பது மில்லி சிரிஞ்சை அதன் நுனியில் பொருத்தினார். வெல்டர் ஆயில் டப்பாவைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் நிறுத்தினான். சூடானால் இளகும். எண்ணூறு மில்லி போகவேண்டும். பதினாறு சிரிஞ்சு.

முதல் சிரிஞ்சு நன்றாக இறங்கியது. இரண்டாவதில் அவசரப்பட்டு அழுத்தினார். டியூப் பிடுங்கிக்கொண்டு வெல்டரின் முகத்தில் பீய்ச்சியது.

“கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு எண்ணெய் வெக்கலண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, மேல்வாயில் ஆயிலை ஊற்றி, அழுத்தாமல், தானாக இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் வழி. ஒரு சிரிஞ்சுக்கு ஐந்து நிமிஷம். அவர் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். எப்படிப் போட்டாலும் இரண்டு மணி ஆகிவிட்டது.

மனைவி பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. அவர் சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்கவேண்டும்.

ஒன்று இருபத்தைந்துக்கு அவள் கேட்டாள். “எவ்வளவு போயிருக்கு?”

“எட்டு. பாதி.”

“போதும். வண்டியை இறக்குங்க.”

“பாதி ஆயில்ல ஓட்டக்கூடாது.”

“எனக்குள்ள ஒரு கிட்னிகூட ஓடல. நான் ஓட்டலையா?” மூச்சு தட்டியது. நிறுத்தி, பிறகு சொன்னாள். “புத்தகத்தை மூடுங்க. என்னால இனிமே உக்கார முடியல.”

அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. வெல்டர் அதற்குள் ஜாக்கியை எடுத்துவிட்டான். டியூபின் நுனியில் துணியைச் சுற்றிப் பம்பரில் கட்டினார்கள். மீதி ஆயில் டப்பாவையும் சிரிஞ்சையும் வண்டிக்குள் வைத்தார்கள்.

மேட்டுப் பாதையில் நான்கு சக்கரமும் சேற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கின. தார் ரோட்டில் அவர் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து முனகல் வந்தது. கூடுகிறதா, அதேதானா என்று சொல்ல முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்தினார்கள். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு முறை, “கேக்குதா?” என்றாள். “இல்ல” என்றார் அவர். இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பதினெட்டு. நர்ஸ் அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சக்கர நாற்காலியை எடுத்துவந்தாள். எடை பார்த்தார்கள். உடம்பில் நாலே முக்கால் கிலோ தண்ணீர் சேர்ந்திருந்தது.

“நாலு மணி நேரத்துல இவ்வளவும் எடுக்க முடியாதும்மா. பிரஷர் விழுந்துடும்.” நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒரு இடம் இருக்கு சார். கண்டிப்பா வரணும். விட்டா ஆபத்து.”

“வரோம்” என்றார்.

இன்று மாலை மேடு ஏறவேண்டும். நாளை இறங்கவேண்டும். வெளியே வந்தார். வண்டிக்கு அடியில் கிரவுன் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். தொட முடியாத சூடு. ஆயில் டப்பாவை வண்டியின் பானட்டின் மேல் வைத்துச் சூடேற்றினார். துணியை அவிழ்த்து, ஒன்பதாவது சிரிஞ்சைப் பொருத்தினார்.

காவலாளி குடையோடு வந்தான். “சார், இங்க வண்டி வேலையெல்லாம் பாக்கக்கூடாது. போர்டு பாக்கலையா?”

“வேலை இல்லங்க. ஊத்தறேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

காவலாளி அவருடைய சட்டையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். “மேல யாரு?”

“வீட்டுக்காரி.”

“மேனேஜர் நாலு மணிக்கு ஒரு சுத்து வருவாரு. அதுக்குள்ள முடிச்சிடுங்க.” போய்விட்டான்.

சிரிஞ்சில் ஆயில் அப்படியே நின்றது. அவர் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. மழை பிடித்துக்கொண்டது. சிரிஞ்சின் வாய்க்குள் தண்ணீர் விழாதபடி அவர் அதன்மேல் குனிந்து, முதுகை மழைக்குக் கொடுத்து நின்றார்.