தரைப்பாலத்துக் கம்பிகள்

தடுப்பணை கட்டிய பிறகு எங்கள் ஆற்றின் பழைய தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. வெள்ளத்தில் உடைந்த அதன் துண்டுகளும், அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மீன் பிடிக்கப் பரிசல் விடுகிறவர்கள் பலருக்கு அங்கே பரிசலின் அடி கிழிந்திருக்கிறது.

என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, அந்த இடம் அத்துப்படி. கரையில் நிற்கும் பனையையும் எதிர்க்கரை மோட்டார் கொட்டகையையும் பார்த்தே ஒதுங்கிப் போவார். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று, போன மழைக்காலத்தில் ஆறு நிறைந்திருந்தபோது நான் ஒரு காலி எண்ணெய் கேனுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். முங்கிப் போய், கம்பிகளுக்கு அடியில் கிடந்த கான்கிரீட் துண்டில் நைலான் கயிற்றைக் கட்டி, கேனை நேர் மேலே மிதக்கவிட்டேன்.

“இன்னாடா காலேஜு, ஆத்துக்குப் பொட்டு வெக்கிறியா?” என்றார் பக்கத்துப் பரிசல்காரர்.

“தெனம் பரிசலுக்கு ஒட்டுப் போட்டுனு கெடக்குற ஆளு, உனுக்கு இன்னாய்யா சிரிப்பு? என் புள்ள அளந்து கட்டிகிறான்” என்றார் நைனா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் செய்தால் அவருக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

தை மாதம் தடுப்பணையின் ஷட்டரைத் திறந்தார்கள். தண்ணீர் மட்டம் முழங்கால் உயரம் குறைந்தது. நிறைந்த ஆற்றுக்கு அளந்த கயிறு தொளதொளத்து, கேன் காற்றடித்த பக்கமாக ஐந்தாறு அடி தள்ளி மிதந்தது. தினமும் காலேஜுக்குப் பஸ்ஸில் புதுப் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்ப்பேன். சிவப்பு பளிச்சென்று தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஒருநாள் நைனா கேனை விட்டு ஒதுங்கி நேராகக் கம்பிமேல் போய்விட்டார். பரிசல் கவிழ்ந்தது. கம்பி பாதத்தில் ஏறி மறுபக்கம் வந்தது.

“பனையப் பாக்கலியா நைனா?” என்று கேட்டேன்.

“கேனு இருந்துச்சே. நீ கட்டனதாச்சே.”

மறுநாள் பக்கத்துப் பரிசல்காரரும் நானும் கம்பிகளை ஒட்டி ஒரு மூங்கிலை அடித்து நட்டோம்.

நைனாவுக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது நர்ஸ், “எப்டிப்பா இவ்ளோ ஆழமா குத்திச்சி?” என்றார்.

“கண்ணு சரியா தெரிலம்மா. என் கவனக்கொறவுதான்.”

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நர்ஸ் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். மாத்திரைக் கவரைப் பிடித்தபடி நான் பக்கத்தில்தான் நின்றேன்.