சுற்றி வந்த சீர்

போன வாரம் என் பிறந்தநாளுக்கு மகள் புனேயிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். வந்தது எனக்குத் தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். செல்போன் ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் எங்கள் வீட்டு வாசலின் படம். கால்மிதி மேல் ஒரு அட்டைப்பெட்டி. உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று கீழே ஒரு வரி. கொண்டுவந்த பையன் பெல் கூட அடிக்கவில்லை. என் வாசலை நானே இப்படி வெளியிலிருந்து பார்த்து நாளாகிவிட்டது. கால்மிதியைத் துவைக்க வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

மகள் ஃபோனில் கேட்டாள். "புடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப புடிச்சிருக்கு" என்றேன். பெட்டியை அப்போது பிரித்திருக்கவில்லை.

உள்ளே நடைப்பயிற்சிக்கான ஷூ. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், நான் நடப்பதில்லை, அதனால் ஷூ. நல்ல ஷூதான், விலையும் அதிகமாகத்தான் இருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச காலமாக எனக்கு இப்படித்தான் இருக்கிறது. நல்லது கெட்டது எது வந்தாலும் மரத்துப்போன கையில் யாரோ கிள்ளுகிற மாதிரி, கிள்ளுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

ஷூவைப் பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கப் போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கிறது. அதில் மடிப்புக் கலையாத ஒரு வேட்டி. புதுத்துணிக்குக் கஞ்சி வாசனை ஒன்று உண்டே, அது இன்னும் போகவில்லை. அந்த வேட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு வாய்த்த மாமா அப்படி.

இந்த வயதுக்குள் எத்தனையோ பரிசுகள் வாங்கிவிட்டேன். கல்யாணத்துக்கு மட்டும் ஒரு கடை வைக்கிற அளவுக்குச் சுவர்க்கடிகாரங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூட இப்போது ஓடவில்லை. என் வீட்டுக்காரர் முதல் கல்யாண நாளுக்கு எனக்கு ஹெல்மெட் வாங்கித் தந்தார். எங்களிடம் அப்போது வண்டி கிடையாது. வண்டி பின்னால் வரும் என்றார். அவர் சொன்னபடி அது வெகுகாலம் கழித்துப் பின்னால்தான் வந்தது. இவற்றையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மனதில் நிற்கிற பரிசுகள் எல்லாம் ஒரே ஆள் கொடுத்தவை. ஏழுமலை மாமா.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. மாடிப்படி ஏறி வந்தால் இந்தப்பக்கம் எங்கள் கதவு, அந்தப்பக்கம் அவர் கதவு. நடுவில் ஒரு கோலம் போடுகிற இடம்தான். அப்பா சேலத்துக்காரர். மாமா பாடிக்காரர், உள்ளூர் ஆள். இருவருக்கும் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் வேலை. மாமாவின் கையில் எப்போதும் கடைசல் மெஷினில் ஊற்றும் எண்ணெயின் வாசனை இருக்கும். என்ன சோப்பு போட்டாலும் போகாது. கஸ்தூரி அத்தை அவர் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாலே முகம் சுளிப்பாள்.

எனக்குக் காது குத்த வேண்டியிருந்தபோது அம்மாவுக்கு ஒரு சிக்கல். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள். அம்மாவுக்கு அக்கா தங்கைகள்தான், அண்ணன் தம்பி யாரும் கிடையாது. அம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாளாம்.

"அதுக்கு இன்னாமா இம்மாந் தயக்கம்? எனுக்கும் கூடப் பொறந்ததுனு யாரும் கெடயாது. எம் மடி காலியாத்தான் கீது" என்றாராம் மாமா. சிவப்புக்கல் வைத்த கம்மலும் அவரே வாங்கி வந்தார். அன்று நான் அவர் வேட்டியை நனைத்துவிட்டேன் என்பதை என் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டினார்.

நான் பெரியவளானபோதுதான் சீர் சுற்றி வந்த சங்கதி நடந்தது. மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பால்கனியிலேயே தென்னை ஓலையில் குடிசை கட்டி என்னை உட்காரவைத்தவரும் மாமாதான். சீர்த்தட்டுகளெல்லாம் எதிர்வீட்டில் தயாராக இருந்தன. கதவைத் திறந்து எடுத்துவைத்தால் முடிந்தது வேலை. அம்மா அதையே சொன்னாள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதிர் ஊட்லேர்ந்து அப்டியே நீட்டுனா அது சீராமா? கைமாத்தா சக்கர குடுக்கற மாதிரி கீது."

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் படியிறங்கினார்கள். ஆயுத பூஜைக்கு ஷாப்பில் மேளம் அடிக்கிற ஆள் முன்னால். பின்னால் அத்தையும், அத்தை பிடித்துவந்த பெண்களும். நான் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறாங்க எல்லாரும்?"

"சீர் வருதுங்க" என்றாள் அம்மா.

"போகுதே."

போனது. மார்க்கெட், தண்ணீர் டேங்க், பஸ் ஸ்டாப் எல்லாம் சுற்றிவிட்டு மேளச் சத்தம் மறுபடி வந்தது. வழியில் யார் யாரோ சேர்ந்துகொண்டதில் கூட்டம் பெருத்திருந்தது. வேறு பிளாக் பெண்கள் படிக்கட்டில் நின்று, மாமன் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று விசாரித்தார்கள். வேர்த்து வழிய மாமா எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்று, அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவர்போல அப்பாவிடம், "சௌக்யமா மாப்ள?" என்று கேட்டார். காலையில் இருவரும் ஒன்றாகத்தான் பால் வாங்கப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. பரீட்சையில் பாஸானதற்குப் பேனா என்றாலும் சரி, தீபாவளிக்கு மத்தாப்பு என்றாலும் சரி, எதிர்க்கதவிலிருந்து நேராக நீட்ட மாட்டார். அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். செருப்பு படியிறங்கும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். செருப்பு மறுபடி படியேறி வரும். பெல் அடிக்கும். யாரோ எனக்காக எங்கிருந்தோ வருகிறார்கள் என்று அந்த நேரத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை வேறு எந்தப் பொருளும் எனக்குத் தந்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்று வந்த டிபன் பாக்ஸும் இப்படித்தான் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி படியிறங்கிப் போனார். அன்று எனக்குப் பஸ் போய்விட்டது.

கல்யாணத்தன்று எல்லை மீறிவிட்டார். மண்டபம் ஆவடியிலேயே இருக்க, சீர் அவருடைய பாடி அம்மன் கோவிலிலிருந்து புறப்பட வேண்டும் என்று அதிகாலையில் போய்விட்டார். முகூர்த்த நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். மந்திரம் சொல்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்பா வாசலுக்கும் மேடைக்கும் நடக்கிறார். மாலையை மாமன்தான் போட வேண்டும். நேரமாகிறது, யாராவது போட்டுவிடுங்கள் என்று சேலத்திலிருந்து வந்த பெரியப்பா சொல்ல, அம்மா மாலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வரட்டும்."

"அண்ணனா? கூடப் பொறந்தவரா? எதிர்வீட்டு ஆளுதானே?" என்றார் பெரியப்பா.

அம்மா தட்டை விடவில்லை. மண்டபம் முழுக்க அந்த ஒரு ஆளுக்காகக் காத்திருந்தது. கடைசியில் ஒரு டெம்போவில் தட்டுகளோடு வந்து குதித்தார்.

"பாடி ஜங்ஷன்ல லாரிக்காரன் குறுக்கால நின்னுகினாம்மா, நான் இன்னா பண்ண?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே மேடையேறி, எனக்கு மாலை போடும்போது காதருகில் குனிந்து, "உங்கப்பன் மூஞ்சியப் பாரு" என்றார். பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை வீட்டார் அதை வெகுநாள் பேசினார்கள்.

ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் மாமா முத்தாபுதுப்பேட்டையில் மனை வாங்கினார். பக்கத்து மனையும் விலைக்கு வருகிறது என்று எங்களையும் இழுத்தார். ஆக மறுபடி அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மதில். அம்மாவும் அப்பாவும் கொஞ்ச காலம் எங்களோடு இருந்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மாமாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. ஆனாலும் பொங்கலுக்கு எனக்குப் புடவை வைத்துக்கொடுக்க வேண்டும். மதிலுக்கு மேலே நீட்டினால் என்ன என்று அத்தை தலையிலடித்துக்கொள்வாள். அவர் கேட்டைத் திறந்து, மெயின் ரோடுவரை போய், டீ குடித்து, பஸ் ஸ்டாப் பக்கமாகச் சுற்றி, நொண்டிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வருவார்.

போன ஆடியில் ஒருநாள் விடிகாலையில் இறந்துபோனார். தூக்கத்திலேயே.

காலையிலிருந்து அத்தை பக்கத்திலேயே இருந்தேன். அவர்கள் மகன் சுரேஷ் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். மின்மயானத்தில் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பாடியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கோடி போட ஆரம்பித்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இறந்தவர் மேல் உறவுமுறைப்படி புதுத்துணி போர்த்துவது. தங்கை வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு. அம்மா இருந்திருந்தால் அம்மா கொண்டுவந்திருப்பாள். அம்மா இல்லை, அதனால் நான் கொண்டுவர வேண்டும். முந்தைய நாள் வரை வாங்கிக்கொண்டே இருந்தவள் நான். அவருக்குக் கொடுக்க எனக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

வேட்டி வாங்கிவரச் சொல்லி, குளித்து, ஈரத் தலையோடு அதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்தேன். இடதுபக்கம் திரும்பினால் அவர் வீடு. பந்தல் துணியே எங்கள் மதில்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வலதுபக்கம் திரும்பினேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. கால் அந்தப்பக்கம் போனது. மெயின் ரோடு, டீக்கடை, பஸ் ஸ்டாப். தட்டோடு தனியாக ஒரு பெண் நடப்பதைப் பார்த்து ஒரு பஸ் வேகம் குறைந்து போனது. துக்கமாக இருந்ததா என்றால் இல்லை. வெயில் அடித்தது, தட்டு கனத்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

எங்கள் தெருமுனைக்கு வந்தபோது எதிரில் வண்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் பூ இறைத்துக்கொண்டு இருவர். மயானத்தில் நேரம் தவறக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். தெரு குறுகல். நான் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். வண்டி மெதுவாகத்தான் போனது. கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், வேட்டியை அவர்மேல் போட்டிருக்கலாம். காட்டத் தோன்றவில்லை. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கால்கள் கட்டியிருப்பது தெரிந்தது. அப்புறம் வண்டி மெயின் ரோட்டில் திரும்பிவிட்டது.

தங்கச்சி ஊட்டுக் கோடி யாரு என்று ஒருவர் குரல் கொடுத்தாராம். அவருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையே என்று இன்னொருவர் சொன்னாராம். இதை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். நான் உள்ளே வந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அத்தையைப் பெண்கள் உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். அந்த மனிதர் சொன்னதில் தப்பில்லை. மாமாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லைதான்.

அவர் வீட்டுக் கேட்டருகில் போனபோது அத்தை வெளியே வந்து நின்றிருந்தாள். தட்டைப் பார்த்தாள். நான் வந்த திசையைப் பார்த்தாள்.

"சுத்திகினு வந்தியா?"

"ஆமா அத்த."

"அவரு மாதிரியே லேட்டு" என்றாள்.

போர்த்தாத கோடியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பார்கள். வேறு எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அன்று நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. கல்மனசுக்காரி என்று பாடிக்காரர்கள் பேசியிருக்கலாம். என் கல்யாணத்தில் அவருக்காக எல்லோரும் காத்திருந்தார்கள் என்பது மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அத்தையைச் சுரேஷ் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். ஃபோனில் பேசினால் குளிருகிறது என்கிறாள். குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், அந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. மாமாவின் முத்தாபுதுப்பேட்டை வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் மதிலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள்.

மகள் அனுப்பிய ஷூவை நாலைந்து நாளாகப் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் கேட்டைத் திறந்து வலதுபக்கம் திரும்பி, மெயின் ரோடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று சுற்றிவிட்டு வருகிறேன். கடைசியில் அவர் கேட்டைத் தாண்டித்தான் என் வீடு. அதில் இப்போது நாய் ஜாக்கிரதை என்று பலகை தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் அந்த நாய் குரைக்கிறது. ஒருநாள் சுற்றாமல் நேராக இடதுபக்கமே திரும்பி அந்தக் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதற்கும் அதேபோலத்தான் குரைத்தது.