மட்டாஞ்சேரியில் ஒரு செம்பு மூலக்கூறைக் கழுவிப் பார்த்த நாள்

கோவைப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் இரண்டு வருடம் ஹைட்ரஜன் சிலிண்டர்களோடு வேலை பார்த்தேன். அழுத்தமேற்றிய வாயுவுக்குப் பக்கத்தில் நின்றதெல்லாம் ஒப்பந்தக் கூலிகள். பாதுகாப்புக் கண்ணாடி, பார்வையிட வருகிற பெரியவர்களுக்கு மட்டும். வேலையை விட்ட பிறகும் அந்த எரிச்சல் போகவில்லை. சிலிண்டரே இல்லாமல், தண்ணீரையும் மின்சாரத்தையும் வைத்து ஒரு பொருளில் ஹைட்ரஜனைச் சேர்க்கலாம் என்று கொச்சிக்காரப் பெண் ஒருவர் இணையக் கூட்டத்தில் பேசினார். கடிதம் போட்டேன், வரச் சொன்னார். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

காலை ஆறேகாலுக்குக் கோவையில் ரயில், பத்தரைக்கு எறணாகுளம். படகுத்துறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு ஆறு ரூபாய், இருபது நிமிடம். ஆறு ரூபாய்க்கு இப்படி ஒரு காயல் காற்றை வேறெங்கும் வாங்க முடியாது. அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ அறுபது. இஞ்சிக் கிடங்குக்கு என்றதும் ஓட்டுநர் சேட்டன் திரும்பிப் பார்த்தார். அரண்மனையை விட்டுவிட்டு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கிடங்கின் மாடியில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். என்னை வரச் சொன்ன ரேவதி அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்தது இதே மட்டாஞ்சேரியில், அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. தமிழ் பேசுவார், வாசிப்பது மலையாளம்தான். “பிளாக்ல என்னை விஞ்ஞானின்னு எழுதாதீங்க தம்பி. கான்ட்ராக்ட் ஆளுன்னு எழுதுங்க, அதாணு சத்தியம்” என்றார். அந்த ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு நாள். அதற்குள் செம்பு மூலக்கூறு பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் ஒரு வருடம் நீட்டிப்பார்கள்.

பட்டை எண்ணெயில் இருக்கும் ஒரு பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் வாசனைத் திரவியத்துக்கான சரக்கு கிடைக்கும். வழக்கமாக அதற்கு விலையுயர்ந்த உலோகங்கள் வேண்டும். அக்கா எடுத்தது செம்பு. ஒற்றைச் செம்பு அணுவை நான்கு நைட்ரஜன்கள் நாலு பக்கமும் பிடித்திருக்கும்படி ஒரு மூலக்கூறைக் கட்டியிருந்தார். மூன்று வருடத்தில் இது ஆறாவது வடிவம். கரைசலில் இதைப் போட்டு, கரித்தகட்டில் மின்சாரம் விட்டால் சரக்கு நன்றாகவே வருகிறது. கட்டுரையும் தயார்.

பாக்கி ஒரு சோதனை. மின்சாரம் பட்டதும் செம்பு பிடியிலிருந்து நழுவி, கண்ணுக்குத் தெரியாத பூச்சாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்படியானால் வேலை செய்தது மூலக்கூறு இல்லை, வெறும் செம்புப் பூச்சு. கண்டுபிடிக்க வழி எளிது. ஓடி முடிந்த தகட்டைக் கழுவி, மூலக்கூறு இல்லாத புதுக் கரைசலில் ஓட்ட வேண்டும். சரக்கு வரக்கூடாது; வந்தால் வேலை செய்வது பூச்சுதான். இதைச் செய்யாமலே கட்டுரை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், அனுப்பிவிடலாம் என்றுதான் ஆய்வு நிறுவனத் தலைவரும் சொல்லியிருக்கிறார். அவர் வேலை நிரந்தரம்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் ஓட்டம். இடையில் கீழே போய்க் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டோம், ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். இரண்டு மணிக்குத் தகட்டைக் கழுவினார். மூன்று முறை, அவசரமே இல்லாமல். மறுபடி இரண்டு மணி நேரம். நாலரைக்கு முடிவு திரையில் வந்தது. சரக்கு வந்திருந்தது, கிட்டத்தட்ட முதல் ஓட்டத்தின் அளவுக்கே.

“செத்துப்போச்சு” என்றார் அக்கா. நோட்டில் எழுதினார். கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று தலைவருக்கு ஒரு வரி தட்டிவிட்டார்.

இன்னும் பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“யாரோ இப்படி அனுப்பின ஒரு பேப்பரை நம்பித்தான் தம்பி என் முதல் வருஷம் போச்சு. நான் வேற ஒருத்தருக்கு அதைச் செய்யணுமா?”

நிரந்தரச் சம்பளக்காரர்கள் காட்ட வேண்டிய நேர்மையை, பதினோரு நாள் வேலை மிச்சமிருக்கும் ஒருத்தியின் தலையில் கட்டியிருக்கிறோம். எனக்குக் கோபம். அக்காவோ சாயா குடித்துக்கொண்டே நோட்டின் அடுத்த பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார். எலக்ட்ரான் வாங்கியதும் செம்பு தன்னைச் சுற்றியுள்ள வடிவத்தை மாற்றப் பார்க்கிறதாம். இறுக்கிப் பிடித்தால் நழுவிவிடுகிறது. அதோடு சேர்ந்து வளைந்து கொடுக்கிற பிடி வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு: முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், முழு நாள் ஒதுக்குங்கள், செருப்போடு போகாதீர்கள், உள்ளே மூடிய ஷூ கட்டாயம். திரும்பும் படகில் ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரிக்கும். நன்றாக ஓடியதா என்று யாரையும் கேட்காதீர்கள். கழுவிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கிளம்பும்போது, ஏழாவது மூலக்கூறைச் செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஒன்பது என்றார்.

“சோதிக்க ரெண்டு நாள் பாக்கி உண்டல்லோ” என்று சொல்லிவிட்டு, தராசுப் பக்கம் போனார்.