ஒரு படகு கொள்ளும் சிப்பி

முதல் வருடம் மழை வந்தபோது எங்களிடம் இருந்ததே ஒரு படகு கொள்ளும் கயிறுகள்தான். முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் திட்டைச் சுற்றி மூங்கில் நட்டு, சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஆற்றுவெள்ளத்தில் உப்புக் குறைந்தால் சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் பொறுக்கும், பிறகு செத்துவிடும். அதனால் நானும் அண்ணனும் கயிறுகளை அள்ளிப் படகில் போட்டு, கடல்நீர் ஏறும் முகத்துவார வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் கட்டினோம். அரை நாள் வேலை. பிக்னிக் போய்வந்த மாதிரி இருந்தது.

அந்தத் தெம்பில்தான் பெருக்கினோம். நான் விலங்கியல் படித்தவள், கூடவே அவசரக்காரி. பீச் ரோடு பக்கத்து ஓட்டல்காரர்கள் இன்னும் கிடைக்குமா என்று கேட்கக் கேட்க, மூங்கில் வரிசை திட்டின் மறுபக்கமும் நீண்டது. அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தான். இந்த அறுவடை கைக்கு வந்தால்தான் அதற்கு வீட்டில் பதில் சொல்ல முடியும். படகு மட்டும் அதே படகு. இன்னொன்றை அறுவடைக்குப் பிறகு வாங்குவதாக இருந்தோம்.

அறுவடை நெருங்கும்போது மேற்கே அணையைத் திறந்துவிட்டார்கள். ஊருக்குள், நாங்கள் குடியிருக்கும் சாரத்தில், தெருவே மழையைப் பார்த்துக் குளிர்ந்து கிடந்தது. இங்கே செந்நிற வெள்ளம் திட்டை முழுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான்.

"காபியே போடலாம். உப்பு துளி இல்ல."

"நாலு நடை அடிச்சா எல்லாத்தையும் மாத்திடலாம்ணா."

"இந்த இழுப்புல ஒரு நடை போறதே பெருசு. எத எடுக்கறது, சொல்லு. நீதான மொதலாளி."

"பெருசா வளந்தத."

"அப்ப குஞ்சு? அடுத்த வருஷம் என்னத்த விப்ப?"

"சரி, பாதி பாதி."

"பந்தியா போடற, பாதி பாதி வெக்க?"

பெரியதையே ஏற்றினோம். குஞ்சுகள் இருந்த வரிசைப் பக்கம் நான் திரும்பவில்லை.

வாய்ப்பக்கம் போனால் கடலுக்குள்ளேயும் செந்நிறம் நீண்டு கிடந்தது. அண்ணன் மறுபடி அள்ளி வாயில் வைத்தான். இந்த முறை துப்பவில்லை.

"நீயே பாரு."

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அதைத் தாண்டிக் கடலுக்குள் போனால் அலை படகைக் கவிழ்த்துவிடும். இழுப்பை எதிர்த்துத் திரும்பவும் முடியாது. வெள்ளநீர் குடித்த சிப்பியைச் சில நாள் கடல்நீரில் போட்டு எடுக்காமல் ஓட்டலுக்கும் கொடுக்க முடியாது. கரையோரம் படகைக் கட்டி, சிப்பிமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். அப்படி வைத்தால் தண்ணீர் இல்லாமலும் கொஞ்ச நாள் தாங்கும். அதற்குள் கடல் தெளிய வேண்டும். தெளியவைக்க எங்களால் ஆகாது.

போன் அடித்தது. ஓட்டல்காரர். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதலாக வேண்டும் என்று முந்தின நாளே கேட்டிருந்தார்.

"என்ன சொல்றது?"

"எடுக்காத."

சாக்கை விலக்கிப் பார்த்தேன். ஒரு சிப்பி லேசாகத் திறந்திருந்தது. விரலால் தட்டினேன். மெல்ல மூடியது.

"மூடுதா?"

"மூடுதுண்ணா."

"அப்ப உசுரு இருக்கு. விடு, மறுபடி தட்டாத."

கொஞ்ச நேரம் கழித்து நான் மறுபடி தட்டினேன். அப்போதும் மூடியது, முன்னைவிட மெதுவாக. அண்ணனிடம் சொல்லவில்லை. சாக்கின்மேல் மழை திரும்பவும் விழ ஆரம்பித்திருந்தது.