விடாத வாளி

அன்று என் பையிலிருந்து கல்படியில் விழுந்தவற்றை இன்றும் வரிசையாகச் சொல்வேன். வீட்டுச் சாவி, அது தொலைந்தால் இன்னொரு சாவி, வயிற்றுப்போக்கு மாத்திரை, மூன்று ஆதார் ஜெராக்ஸ், ஊக்குகள், செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் பை வேறு எப்படி இருக்கும்? இருபது பேர் பார்க்க அதைக் கொட்டச் சொன்னவர் எங்கள் தலைவர்.

மைசூரில் எங்கள் லேஅவுட்டை ஒட்டி ஒரு பழைய படிக்கட்டுக் குளம் மண்மூடிக் கிடந்தது. கல்யாணி என்பார்கள். ஞாயிறுதோறும் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரினோம். படிக்கு ஒருவராக நின்று சேற்று வாளியை மேலே கைமாற்றுவோம். எங்கள் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. தமிழர்தான், ஆனால் எல்லோரிடமும் கன்னடம். நான் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்தவள், வீட்டில் தமிழ், ஏழாவதோடு நின்றவள், ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறேன். சேற்றில் கிடைத்த சின்னப் பித்தளை விளக்கு காணாமல் போனபோது என்னிடம் மட்டும் தமிழில் பேசினார். "பையக் கொட்டும்மா, தப்பா நெனைக்காத." கன்னடத்தில் கேட்டிருந்தால் சந்தேகம் எல்லோர் மேலும் விழுந்திருக்கும். விளக்கு பையில் இல்லை. ஆனாலும் குனிந்து ஓர் ஊக்கைக்கூட யாரும் பொறுக்கித் தரவில்லை.

அந்த வாரம் தூக்கமே இல்லை. ஹாஸ்டலுக்குச் செய்தி போனால் வேலை போகுமே. குளத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் திருடி என்றே முடிவாகிவிடும் என்ற பயத்தில்தான் அடுத்த ஞாயிறும் போனேன். எனக்கு மேற்படியில் நின்ற தலைவர் குனிந்து, "வெளக்கு என் கார் டிக்கியிலேயே இருந்துச்சும்மா, சாக்குக்கு அடியில. விட்டுடு," என்றார். கொட்டச் சொன்னது குளம் முழுக்கக் கேட்டது. இது எனக்கு மட்டும்.

அப்போது நிறைந்த வாளி ஒன்று என் கைக்கு வந்தது. அவர் பிடித்தார். நான் விடவில்லை.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க சார். கன்னடத்துல சொல்லுங்க."

"சின்ன விஷயம்மா..."

"எனக்குப் பெருசுங்க."

வரிசையே நின்றுவிட்டது. "என்னக்கா, இன்னிக்கு பக்கெட்டா?" என்று கீழ்ப்படியிலிருந்து ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் பிடியை இறுக்கியது. இருவரும் இழுத்ததில் சேறு தளும்பி அவர் கால்சட்டையில் வழிந்தது. வழியட்டும் என்றிருந்தேன். கடைசியில் கன்னடத்தில் சொன்னார், விளக்கு தன் காரில்தான் இருந்தது, இந்த அம்மா எடுக்கவில்லை என்று.

"மேல நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க," என்றேன். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

இப்போது கல்யாணியில் தண்ணீர் நிற்கிறது. போன மாதம் தலைவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். கதையில் எந்தப் பாதி அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்று முந்தின நாளே எனக்குக் கவலை. அவர் படத்தைக் கும்பிட்டேன். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதையே கன்னடத்தில் மூன்றாம் முறையாக நான் சொன்னேன்.